குறைவது தண்ணீர் மட்டும்

மனதில் எதுவும் தோன்றாத ஒருவர் இன்னொரு உயிரைப் பேண முடியுமா? பேணினால் அதை அன்பு என்று சொல்லலாமா, பழக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? தண்ணி சிஸ்டரை அறிந்தவர்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். நாத்தனாரின் பதில் கறாரானது. "அண்ணி எல்லாத்தையும் செய்வாங்க. மெஷின் மாதிரி செய்வாங்க." மெஷின்களோடு வேலை பார்ப்பவளைப் பற்றி அப்படிச் சொல்வது எளிது. சரியா என்பது வேறு விஷயம்.

அவள் நர்ஸ் இல்லை. டயாலிசிஸ் பிரிவின் பின்பக்கம் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறை அவள் பொறுப்பு. அங்கே கோட்டு போட்டு நடமாடும் பெண்கள் எல்லாரும் நோயாளிகளுக்கு சிஸ்டர்கள்தான் என்பதால் இவள் தண்ணி சிஸ்டர் ஆனாள். காலையில் முதல் நோயாளி நாற்காலியில் சாய்வதற்கு முன், குழாயைத் திறந்து சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். குளோரின் துளி மிஞ்சியிருந்தாலும் ரத்தம் கெட்டுப்போகும். அதனால் கண்ணால் பார்க்காத எண்ணை அவள் வாயால் சொன்னதில்லை. "சுமாரா சரியாத்தான் இருக்கு" என்ற பேச்சு அந்த அறையில் எடுபடாது. இதைப் பெரிய நேர்மை என்று யாரும் மெச்சியதில்லை, மெச்சவும் தேவையில்லை. வேலை அப்படி.

கணவன் இறந்தபோதும் அவள் அந்த அறையில்தான் இருந்தாள். வீட்டில் அவனும் அவன் அப்பாவும். நெஞ்சைப் பிடிக்கிறது என்றான். அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊர்ப்பட்ட ஜனங்களின் வயிற்றுக் கோளாறுகளைப் பார்த்தவர். வாயு என்று நினைத்து, கீழே போய் சோடா வாங்கி வந்து குடிக்கவைத்து, முதுகைத் தடவிவிட்டார். மகன் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். இருவரும் சிரித்தார்கள். "கொஞ்சம் படு, டீ போட்டுட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனார். டீயோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமனார் இதைச் சொன்னார், ஏப்பத்தையும் விடாமல். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். மருமகள் அதை ஒரே ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டாள். "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க" என்றும் சொல்லவில்லை, "உங்களுக்கு என்ன தெரியும், விடுங்க" என்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. உள்ளே எதையோ அடக்கி வைத்திருக்கிறாள், என்றைக்காவது உடையும் என்று அக்கம்பக்கத்தார் காத்திருந்தார்கள். அவளைக் கேட்டிருந்தால், அடக்க ஒன்றும் இல்லை என்றிருப்பாள். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்கும். அவளுக்கு ஒவ்வொரு நாளும் அப்படி இருந்தது.

மூன்றாவது மாடி வீட்டில் மாமனாரும் மருமகளும் மிஞ்சினார்கள். நாத்தனார் போனில் அடிக்கடி அப்பாவைப் பிடித்துக்கொள்வாள். "ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. இங்க வந்துடுங்கப்பா." அவர், "பாக்கலாம்மா" என்று இழுப்பார். அவருக்கு வேண்டியது மருமகள் வாயிலிருந்து ஒரு சொல். இருங்க என்றால் இருந்துவிடுவார். போங்க என்றால், அதற்கும் ஒரு நியாயம் உண்டு என்று போய்விடுவார். அவள் சோற்றைப் பரிமாறி, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

கடல்தொட்டி அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு நோயாளியால். வளர்ப்பு மீன் விற்கும் அந்த மீன்கடைக்காரர் ஓயாமல் பேசும் ஆள். ஊசி குத்தியிருக்கும் கையை ஆட்டக் கூடாது என்பதால் அந்தக் கையின் பங்குக்கும் சேர்த்து வாயை ஆட்டுவார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் சிஸ்டர். நானும் காலங்காத்தால தண்ணியத்தான் டெஸ்ட் பண்றேன். என்ன, என் கிராக்கிங்க புகார் சொல்றதில்ல."

"ம்."

"கடையில ஒரு சின்னத் தொட்டி சும்மா கிடக்கு. எடுத்துட்டுப் போங்க. கடல் தண்ணி ஊத்தி, மெத்துமெத்துனு இருக்கற பவளம் நாலு வளங்க. கல்லு மாதிரி இருக்கற பவளம் வேணாம், அதுங்களுக்கு ராஜ உபசாரம் பண்ணணும்."

"சரி."

அவரே கொஞ்சம் திகைத்துப்போனார். அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றால் கேட்பதில்லை.

கூடத்தில் டி.வி. இருந்த தாழ்வான அலமாரியின் மேல் தொட்டி உட்கார்ந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஆகாது. வடிகட்டிய வெறும் தண்ணீரை ஒரு கேனில் நிரப்பினாள். பக்கத்தில் மூடி போட்ட நீல டிரம். அதில் அந்தத் தண்ணீரோடு கடல் உப்பைக் கலந்து, சின்ன மோட்டார் வைத்து ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டாள். உப்பின் அளவு பார்க்கக் குட்டித் தொலைநோக்கி போல ஒரு கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்த்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். கோடு சரியான இடத்துக்கு வந்ததும் தொட்டிக்குள் மணல், கடலிலிருந்து வந்த ஓட்டைஓட்டையான கற்கள், அலையடிக்க ஒரு விசிறி, சூட்டுக் குழாய், நீல விளக்கு.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"ஏம்மா, தண்ணிக்கு இவ்ளோ அலையறதுக்கு, உன் ஆஸ்பத்திரில இருந்தே ரெண்டு கேன் கொண்டு வரக் கூடாதா?"

"அது அங்க இருக்கறவங்களுக்கு மாமா."

"சரி சரி. மீன் எப்ப வரும்?"

"மீன் கிடையாது. பவளம். அதுவும் இப்ப இல்ல. முதல்ல கல்லுல கண்ணுக்குத் தெரியாத ஜீவனெல்லாம் குடியேறணும். அதுவரைக்கும் தண்ணி விஷம்."

"அதாவது, ஆள் ஏறாம வண்டிய ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"ஆமா."

வெறும் கல்லும் தண்ணீருமாக வாரக்கணக்கில் ஓடியது. கற்களில் பழுப்பு நிறத்தில் பாசி படிந்தது. வீடே கெட்டது என்பதுபோல் மாமனார் முகத்தைச் சுளித்தார். அவள் சோதனைக் குப்பிகளை வெளிச்சத்தில் பார்த்து, இன்னும் இல்லை என்பாள். விஷம் ஏறியது, ஏறியபடியே நின்றது, ஒரு நாள் இறங்கத் தொடங்கியது. அவள் மகிழ்ந்தாள் என்று எழுத ஆசைதான். குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள் என்பதே நடந்தது.

பவளங்கள் மீன்கடைக்காரரிடமிருந்து பாலிதீன் பைகளில் வந்தன. சட்டைப் பித்தான்கள் போல ஒட்டியிருந்தவை சில. காளான் போல ஒன்று. தடித்த தண்டின் மேல் தோல் தொப்பி வைத்தாற்போல் ஒன்று. குட்டிக் கைகளை மூடி மூடித் திறப்பது ஒன்று. அவள் கொண்டுவந்தாள், கல்லில் ஒட்டினாள், அவ்வளவுதான். பெயர் வைத்தது மாமனார். கைகளை மூடித் திறப்பதற்கு "கைதட்டி". தொப்பிக்காரருக்கு "செக்கிங் இன்ஸ்பெக்டர்".

"பாத்தியா, ஆடாம அசையாம நிக்கறான். நான் எப்பத் தப்புப் பண்ணுவேன்னு பாத்துட்டே இருக்கான்."

அவள் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மதியங்களில் அவர் தொட்டியோடுதான் பேசினார். மகளிடம் போனில், "வரேன், ஆனா இப்ப இதுங்கள விட்டுட்டு எப்படி வர்றது" என்று புதுச் சாக்குச் சொன்னார். மகள், "நாலு பாசிக்காகவா?" என்றாள்.

அப்போதுதான் டயாலிசிஸ் பிரிவில் இன்னொரு டெக்னீஷியன் விடுப்பில் போனான். அவனுடைய ஷிஃப்டையும் அவளே பார்த்தாள். வீடு திரும்பினால் கால் கழுவிப் படுக்கத்தான் தெம்பு இருந்தது. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தது. அதைச் சரிக்கட்டுவது அவள் வேலை. அவளோ வீட்டில் இல்லை. தொட்டியில் தண்ணீர் மட்டம் கீழே இறங்குவதை மாமனார் பார்த்தார். மருமகளுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தார். கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரைத்தானே ஊற்ற வேண்டும்? வாராவாரம் தண்ணீர் மாற்றுவதற்காக அவள் கலந்து வைத்திருந்த நீல டிரம்மைத் திறந்து, ஒரு மக் மொண்டு ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாளும், இரண்டு வாரம்போல.

ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போவதில்லை. வெறும் தண்ணீர் கேனைத் திறந்திருக்க வேண்டும். இது அவருக்கு மட்டும் தெரியாத விஷயம் என்று சொல்ல முடியாது. முதல் தடவை கடல்தொட்டி வைப்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஊற்றுகிறார்கள், அதுவும் அக்கறையோடு.

அவளுக்கு ஓய்வு கிடைத்த காலையில் கைதட்டியின் கைகள் சுருங்கித் தொங்கின. பித்தான்கள் இறுக மூடிக்கொண்டிருந்தன. சில கரைந்தே போயிருந்தன. தொப்பிக்காரர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார். அவள் கருவியில் சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பினாள். கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு மிக மேலே இருந்தது. நீல டிரம்மைத் திறந்து பார்த்தாள். முக்கால்வாசி காலி. கேன் நிறைந்திருந்தது.

"நான் எதையும் தொடலமா" என்றார் மாமனார், அவள் கேட்பதற்கு முன்பே.

அவள் டிரம்மை மூடினாள். தொட்டியிலிருந்து ஒரு மக் எடுத்துக் கொட்டிவிட்டு, கேனிலிருந்து ஒரு மக் வெறும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். மாலையில் இன்னொரு மக். அடுத்த நாளும் அப்படியே.

மாமனார் இரண்டு நாள் நாற்காலிப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"என் மேல உனக்குக் கோவமா?"

அவள் ஒரு கண்ணை மூடி, கருவியை வெளிச்சத்துக்குப் பிடித்திருந்தாள்.

"உப்பு ஏறிடுச்சு மாமா. மெதுவாத்தான் இறக்கணும். ஒரேயடியா இறக்கினா இதுங்க தாங்காது."

"நான் அதைக் கேக்கல."

"தெரியும் மாமா."

அவர் கேட்டது எதை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பதில் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தால் இருக்கிறது என்று சொல்லலாம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அந்த மனிதரை நிம்மதியாகத் தூங்க விடலாம். தேடிய இடத்தில் ஒன்றுமே தென்படவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது? கருவியைத் துடைத்து உறையில் போட்டாள்.

அந்த மௌனத்தை அவர் தன் கணக்குப்படி கோபம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே போய் மகளுக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழம வந்து என்னக் கூட்டிட்டுப் போ."

நாத்தனார் காரோடு வந்தாள். பெட்டி வாசல் பக்கம் தயாராக நின்றது. மருமகள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மாமனார் சட்டையின் மேல் பித்தான்வரை பூட்டிக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் கண் தொட்டிமேல் போனது.

"என்ன இது, எல்லாம் வாடிக் கிடக்கு? போன்ல அப்படிப் பீத்திக்கிட்டீங்களேப்பா, கைதட்டி அது இதுன்னு."

மாமனார் டீயைப் பார்த்தார்.

"தண்ணி மாறிப்போச்சு" என்றாள் மருமகள்.

"எப்படி மாறும்? அப்பா, நீங்க கைய வெச்சீங்களா?"

அவர் டீ டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"வெச்சிருக்கீங்க. மூஞ்சியே சொல்லுது. இதுக்குத்தான்பா நான் தலதலயா அடிச்சுக்கறேன். உங்கள நம்பி ஒண்ண விட்டுட்டுப் போக முடியுதா? நல்லது பண்றேன்னு நீங்களா ஒண்ணு பண்ணிடறீங்க. அன்னிக்கும் இப்படித்தான்..."

அதற்கு மேல் அவளாலும் போக முடியவில்லை. கெட்ட எண்ணத்தில் வந்த வார்த்தை இல்லை. செத்தவன் அவளுடைய அண்ணன். மாமனார் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் அப்படி உட்கார்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் மருமகள்.

நாத்தனார் திரும்பினாள். "நீங்களா?"

"ஆமா. கேனுன்னு நெனச்சு டிரம்ல இருந்து ஊத்திட்டேன். கொஞ்ச நாளாவே."

"நீங்க, அண்ணி? அளந்து பாக்காமலா?"

"பாக்கல."

மாமனார் தலை தூக்கி மருமகளை ஏறிட்டுப் பார்த்தார். வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அதில் இரக்கமோ கோபமோ எதுவும் எழுதியிருக்கவில்லை. எப்போதும் இருக்கும் முகம்தான்.

"அப்போ அப்பா..." என்று நாத்தனார் தொடங்கி, எப்படி முடிப்பதென்று தெரியாமல் டீயை எடுத்துக் குடித்தாள். கொண்டுவந்த கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்காதவளைப் போல, கொஞ்ச நேரம் வேறு எதையெதையோ பேசினாள். கிளம்பும்போது அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு மாசம் போகட்டும்மா" என்றார்.

நாத்தனார் தனியாகப் படியிறங்கினாள். மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். மருமகள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை.