ரஸ்மிக் சிரிக்கும் கடைசிப் பாகம்

அமெரிக்காவில் பர்பாங்க் ஊரில் ஒரு கம்பெனி விலைபோகப் போகிறதென்றால், முதலில் காணாமல் போவது ஆபீஸ் சமையலறையில் சும்மா கிடைக்கும் வறுத்த பாதாம்தான். செய்தியெல்லாம் அதற்கப்புறம்தான் வரும். இன்டர்நெட்டில் தொடர்கள் காட்டும் லூமரா என்ற வீடியோ கம்பெனியில் வேலை பார்த்த நிவார்ட், ஒரு திங்கட்கிழமை காலி டப்பாவைத் திறந்து பார்த்தாள். டப்பாவை மூடிவிட்டு, பயத்தோடு தன் மேஜைக்குப் போனாள்.

பயம் வேலையைப் பற்றியல்ல. வேலை போனால், அவளுடைய ஆர்மீனிய ஜனம் நிறைந்த பக்கத்துக் கிளெண்டேலில் ஒஹான் மாமாவின் ரொட்டிக்கடை இருக்கிறது. அவள் பயந்தது ரஸ்மிக்குக்காக. ரஸ்மிக் அவள் புருஷன். வருடக்கணக்காக வாய்ப்புத் தேடி அலைந்து, கடைசியில் லூமராவின் ஒரே ஒரு தொடரில் டாக்ஸிக்காரனாக நடித்தான். அது வெளிவந்த கையோடு நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். கடைசிப் பாகத்தில் டாக்ஸியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தாளம் தட்டியபடி சிரிப்பான். காலைக் காப்பியோடு நிவார்ட் தினமும் அதைப் பார்ப்பாள். லூமராவை விட்டால் அந்தச் சிரிப்பு வேறெங்கும் கிடையாது. ஒருமுறை டிவிக்கு எதிரே போனை நீட்டிப் படம் பிடித்தாள். பின்னால் ஃபிரிட்ஜ் உறும, அவன் முகம் பிணம்போல் வெளிறித் தெரிந்தது. பயந்துபோய் அழித்துவிட்டாள்.

லூமராவை வாங்க வந்தது போன் தயாரித்து விற்கும் ஒரு பெரிய கம்பெனி. போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குப் படம் என்பது போன் விற்கும் தூண்டில், அவ்வளவுதான். விழுங்குவதற்கு முன் முள்ளை எடுக்கச் சொன்னார்கள்: சுமையான தொடர்களையெல்லாம் தூக்கிவிடு. அந்த வேலை நிவார்ட்டின் பிரிவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் தொடர்கள் மறைய ஆரம்பித்தன.

யாரும் பார்க்காததைத்தான் தூக்குவார்கள் என்று அவள் நினைத்தாள். அந்தத் தொழிலில் இருக்கும் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் அங்கே சாமி. ஒஹான் மாமாவிடம் ஓடினாள்.

"மாமா, ரஸ்மிக் தொடரை எல்லாரையும் போட்டு ஓட்டச் சொல்லுங்க. நிறுத்தவே கூடாது."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே நானூறு பேர் வர்ற ஜனம் நம்மளுது. டிவி போட மாட்டாங்களா?"

கிளெண்டேல் ஆர்மீனியர்களிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அதோடு ஓய மாட்டார்கள். ரொட்டிக்கடையில், முடிவெட்டும் கடையில், பல் டாக்டரின் வரவேற்பறையில் என்று எங்கு பார்த்தாலும் ரஸ்மிக் டாக்ஸி ஓட்டினான். பல் பிடுங்க வந்தவர்கள்கூடப் பாவம், கடைசிப் பாகம் வரை உட்கார்ந்திருந்தார்கள். நிவார்ட் இரவில் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாங்குகிறவர்கள் அனுப்பிய புது மேலாளர் கோல்பி அவள் நாற்காலி பக்கம் வந்து நின்றான்.

"இன்னைக்கு இன்னொண்ணு சேந்திருக்கு. அந்த டாக்ஸித் தொடர்."

"அதை அத்தனை பேர் பாக்கறாங்களே!"

"வினையே அதான். எவனும் பாக்காம மூலைல கெடந்த வரைக்கும் செலவே இல்ல. டாக்ஸில ஒரு பாட்டு ஓடுதுல்ல, பாக்கறவங்க ஏற ஏற பாட்டுக்காரங்களுக்கு அதிகப் பணம் குடுக்கணும். செலவு திடீர்னு எகிறிடுச்சு, மேல இருக்கறவங்க கண்ணுல பட்டுடுச்சு. யாருடா பாக்கறான்னு பாத்தா, பூரா கிளெண்டேல்! என்ன கூத்தோ."

நிவார்ட் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். "அந்த டாக்ஸிக்காரர் என் வீட்டுக்காரர்," என்றாள்.

கோல்பி தரையைப் பார்த்தான். "எனக்குத் தெரியாதுங்க. நிறுத்தறது என் கையில இல்ல. வேற யாரையாவது செய்யச் சொல்றேன், நீங்க கெளம்புங்க."

"வேணாம். அன்னைக்கு அவரு குழியில முதல் பிடி மண்ணு நான்தான் போட்டேன். இதையும் நானே செய்றேன்."

உறுதிதானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் அழுத்தினாள்.

சாயங்காலம் ரொட்டிக்கடைக்குப் போனபோது, டிவி கறுத்துக் கிடந்தது. ஒஹான் மாமா வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா நிவார்ட் கண்ணு! நெட்டு போச்சு போல. கவலப்படாத, ஃப்ரெஸ்னோ ஊர்ல இருக்கற நம்ம ஆளுங்களையும் போடச் சொல்லிட்டேன்."

"எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க மாமா."

"எதுக்கு?"

"நாம பாக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

ஒஹானுக்குப் புரியவில்லை. கையிலிருந்த வயரை மறுபடியும் சொருகிப் பார்த்தார்.