பன்னிரண்டாவது ஆள்

கேன்சஸில் டன்வெல் ஊரின் சமுதாயக் கல்லூரி, மூடிப்போன மெத்தைக் கடையின் மாடியில் மூன்று அறைகளோடு தொடங்கியது. இப்போது ஏழு கட்டடங்கள். கல்லூரி வளர வளர, ஆரின் குபிச்செக் துடைக்க வேண்டிய தரையும் வளர்ந்தது. துடைக்கும் ஆட்கள் மட்டும் ஆறிலிருந்து இரண்டானார்கள். இதற்கும் வளர்ச்சி என்றுதான் பெயர்.

ஆரினுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. பன்னிரண்டு பேர் சேராத வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். ஊழியர்களுக்கோ கட்டணம் கிடையாது. ஆகவே பதினொன்றில் தத்தளிக்கும் ஆசிரியர்கள் அவரைத் தேடி வருவார்கள். பெயர் கொடுப்பார், தலை எண்ணும் நாள்வரை கடைசி வரிசையில் உட்காருவார், பிறகு விலகிவிடுவார். முப்பது வருஷத்தில் வெல்டிங், தத்துவம், குதிரை வளர்ப்பு என எல்லாவற்றின் முதல் மூன்று வாரங்களையும் கரைத்துக் குடித்திருந்தார். சாக்ரடீஸ் இன்னும் சந்தையில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதாகவே அவர் நினைப்பு.

இந்த ஆகஸ்டில் வந்தவர் வெர்னா டாலிவர், இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. மாவட்ட வரலாறு அவருடைய ஒரே வகுப்பு. அது போனால் வேலையும் போகும்.

"பதினொண்ணுல நிக்குது, ஆரின்."

"ஒரு தடவையாவது பத்துல நிக்கக் கூடாதா? நானும் வீட்டுக்குப் போவேன்ல."

வெர்னா தயங்கிப் புதிய விதியைச் சொன்னார்: பாதியில் விலகும் ஊழியர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். டிசம்பர்வரை உட்கார வேண்டும், பரீட்சையும் எழுத வேண்டும்.

ஆரினுக்கு வயது அறுபத்தாறு. முழங்கால்கள் அவரைவிட மூத்தவை. காலை நாலு மணிக்கு வேலை. வகுப்போ மாலை ஆறரைக்கு.

"பரீட்சைல தூங்கிட்டா எழுப்புவீங்களா?"

"மார்க் போட்டுட்டு எழுப்பறேன்."

கையெழுத்துப் போட்டார்.

நான்காவது வாரம் பழக்கதோஷத்தில் வண்டியைக் கிளப்பி, வாசல்வரை போய், திரும்பி வந்தார். இதே வகுப்பில் முன்பு நான்கு முறை சேர்ந்தவர்தான். ஊரை நிறுவிய எலியாஸ் டன்வெல் புல்வெளியில் ஊருக்கு எல்லை குறிக்க முளை அடிக்கும் இடத்தோடு ஒவ்வொரு முறையும் ஆரின் எழுந்து போயிருந்தார். கல்லூரி முன்னால் நிற்கும் அந்த ஆளின் சிலையிலிருந்து புறா எச்சத்தைக் கழுவுவதும் அவர்தான்.

முளை அடித்த அடுத்த வருஷம் வெட்டுக்கிளி வந்தது என்றார் வெர்னா. பயிர் போனது. டன்வெல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒஹையோவுக்கே திரும்பிவிட்டார்.

ஆரின் கையைத் தூக்கினார், முப்பது வருஷத்தில் முதல்முறையாக. "பாதியில விலகிட்டாரா?"

"ஆமா."

"அவர் பேரையா ஊருக்கு வச்சிருக்கோம்?"

"அப்ப இந்த விதி இல்ல, ஆரின்."

பதினொரு பேரும் சிரித்தார்கள். ஆரின் மேஜைக்கடியில் காலை நீட்டி, ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்தது.