நனைந்த கயிற்றோடு வந்தவர்

மயிலாப்பூரில் நான் ஹார்டுவேர் கடை வைத்திருந்தபோது, ஒருநாள் மீன்கார அம்மாள் ஒருவர் கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே வந்தார். நெடிய உருவம், இரண்டு மூக்குத்தி. கையில் சொட்டச் சொட்ட நனைந்த கயிற்றுத் துண்டு.

"நைனா, இந்தக் கவுறு பூர்ற மாதிரி ஓட்ட போடணும், பிட்டு குடு. எங்க படகுப் பலகையெல்லாம் கவுத்தாலதான் தைக்கிறது."

மரம் துளைக்கும் ஆகர் பிட்டுகளை எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் மேஜையில் உருட்டி, கோணலா என்று பார்த்தார். இரண்டைப் பொறுக்கி, கையால் சுழற்றும் துளைப்பான் கைப்பிடியில் மாட்டி, என் கட்டைத்துண்டில் தானே துளைத்தார். திருகுமுனை மறுபுறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, கட்டையைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து முடித்தார். மரம் சிம்பு பெயரவில்லை.

சின்னத் துளையில், நனைந்து ஊதியிருந்த கயிற்றை இழுத்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது. பெரியதில் சுலபமாக ஓடியது.

"பெரிசையே எடுத்துக்கோங்க" என்றேன்.

"லூசா கீது. கடலு உள்ள வந்துடும்." சின்னதை எடுத்துக்கொண்டார்.

"யார் துளை போடப்போறது?"

"நான்தான். எங்கூட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்சி கீது."

"பொம்பளை படகைத் தொடக்கூடாதுன்னு உங்க குப்பத்துல சொல்வாங்களே?"

"கடலுக்குப் போவக்கூடாதும்பாங்க. கரையில ஓட்ட போடக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

சில வாரம் கழித்துக் கூடையோடு கடைத்தெருவில் போனார்.

"கடல் உள்ள வந்துச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வந்துச்சி நைனா. மீனும் வந்துச்சி."

நான் சைவம். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூடைக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.