கத்திரிக்காய்க்கு ஒரே பக்கம் காம்பு: ஆவடிக்கு மண் சுமந்து போன கதை

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கைவினை ஆசிரியர் பயிற்சிக்கான செய்முறைத் தேர்வு ஆவடியில் போட்டிருக்கிறார்கள். பாரிவாக்கத்திலிருந்து எப்படிப் போவது? செட் எங்கே வாங்குவது?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது கேள்வியைப் படித்ததும் வயிறு எரிந்துவிட்டது. இன்னுமா செட்? ஆகவே 1991 மே மாதம் நான் போன பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு பாரிவாக்கம், பயிற்சி அம்பத்தூரில். ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் கைவினை ஆசிரியை வேலை காலியாக இருந்தது. ஜூன் மாதம் சான்றிதழோடு வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இந்த ஒரு செய்முறைத் தேர்வுதான்.

காலை 8.10க்குப் பூந்தமல்லியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். எட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். மடியில் துணி சுற்றிய களிமண் எருமை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பார்த்த எருமை அது, கழுத்தைத் திருப்பி முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்டும். பதினோரு நாள் செய்தேன், இரண்டு முறை கொம்பு விழுந்தது.

"இன்னாம்மா மடில, கொழந்தையா?" என்றார் கண்டக்டர்.

"எருமைங்க. மண்ணுல செஞ்சது."

"எருமைக்கு டிக்கெட் வாணாம். பள்ளத்துல தூக்கிப் போட்டு ஒடஞ்சா என்னாண்ட அழாத." சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த இருவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த நாளில் எருமையை மதித்த முதல் மனிதர் அவர்தான்.

8.45க்கு ஆவடி. தேர்வு மையம் பஸ் நிலையத்திலிருந்து நடை தூரம். உள்ளே போனால் நீள மேசை முழுக்கச் செட். செட் என்றால் கடையில் விற்கிற ஆறு மண் மாதிரிகள்: மாம்பழம், வாழைப்பழம், கத்திரிக்காய் என்று வர்ணமும் வார்னிஷும் அடித்து அட்டைப்பெட்டியில் வரும். அறுபது ரூபாய். முப்பது பேர் தாங்கள் செய்ததாக வைத்திருந்தார்கள், முப்பது கத்திரிக்காய்க்கும் காம்பு இடது பக்கமே வளைந்திருந்தது. ஒரே அச்சு! நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் இவர்கள்.

11.20க்குத் தேர்வாளர் என் மேசைக்கு வந்தார். எருமையைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"எந்தக் கடைம்மா இது? வழக்கமான கடை இல்லையே?"

"கடை இல்ல சார். நானே செஞ்சது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீ செஞ்சதுன்னா இங்க செஞ்சு காட்டு. இல்லன்னா மார்க் கிடையாது."

"காட்டறேன் சார். மண்ணு குடுங்க."

அவர் பியூனைப் பார்த்தார், பியூன் கூரையைப் பார்த்தார். கைவினைத் தேர்வு மையத்தில் ஒரு பிடி மண் இல்லை! அட, தலையெழுத்தே. சமையல் தேர்வுக்கு அடுப்பு வைக்காமல் கூப்பிடுவார்களா? "மூணு மணிக்குள்ள கொண்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த கத்திரிக்காய்க்குப் போனார்.

எருமையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன். வெள்ளானூர்ப் பக்கம் செங்கல் சூளை இருந்தது, ஆறு கிலோமீட்டர்.

"வெள்ளானூரா? திரும்பி வர சொல்லோ சவாரி கெடைக்காது. போவ வர முப்பது ரூபா குடு" என்றார் டிரைவர். பேரம் பேசும் நிலையிலா இருந்தேன்?

சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டார், "இன்னாத்துக்கு மண்ணு?"

"பரீட்சைக்கு, அக்கா."

"மண்ணுக்குக் கூட பரிட்சை வெக்கிறாங்களா? எடுத்துக்கினு போ, காசெல்லாம் வாணாம். கல்லு கீது, பாத்து பொறுக்கிக்க."

ஈரச் சாக்கில் ஐந்து கிலோ கட்டிக்கொண்டு 12.35க்குத் திரும்பினேன். தேர்வாளர் சாப்பிடப் போய்விட்டார். வராந்தாக் குழாயடியில் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அதில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"

இரண்டு வருடப் பயிற்சி முடித்தவள். கத்திரிக்காய்க்கு நல்ல மார்க் வாங்கியவள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. அவள் கையில் ஒருநாளும் மண்ணைக் கொடுக்காதவர்கள் மேல். ஒரு உருண்டை பிய்த்து அவளிடம் கொடுத்தேன். அடுத்தவள் கை நீட்டினாள். பிறகு ஆளுக்கொரு பிடி.

2.10க்குத் தேர்வாளர் வந்தபோது வராந்தா முழுக்கச் சேற்றுக் கைகள். என் கையளவுப் புது எருமை கழுத்தைத் திருப்பியிருந்தது. சற்று நேரம் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார்.

"சரிம்மா, பாஸ் போட்டுடறேன். இதைக் காய வெச்சு அலமாரில வெச்சிட்டுப் போ. அந்தச் செட் கடைக்காரர் வருவார், அச்சு எடுத்துக்கட்டும். அடுத்த செட்டுக்கு ஆகும்."

கையெழுத்து இன்னும் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜூன் மாதமும் தெரியும். இருந்தும் இரண்டு கையாலும் அந்த ஈர எருமையை அமுக்கி உருண்டையாக்கிவிட்டேன்.

"என்னம்மா இது!"

"வேணும்னா இன்னொரு தடவை செய்யறேன் சார். அச்சுக்குத் தர மாட்டேன்."

அவர் பேனாவை மூடப் போனார். தண்ணீர் கேட்ட அந்தப் பெண் முன்னால் வந்தாள். "சார், அவங்க செஞ்சத நாங்க எல்லாரும் பார்த்தோம். என்னுது கடையில வாங்கினது சார்" என்றாள். மற்றவர்களும் சேற்றுக் கையோடு நெருங்கி வந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்கு முப்பத்தைந்து, பாஸாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வாசகிக்கு: பாரிவாக்கத்திலிருந்து நேர் பஸ் இருக்கிறது. காலை எட்டு மணி பஸ்ஸில் கூட்டம் நெரியும், ஏழரைக்கே ஏறிவிடுங்கள். டிக்கெட் விலையை இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளானூரில் அந்தச் சூளை இருந்த இடத்தில் மனை போட்டுவிட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். மையத்தில் மண் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். ஈரச் சாக்கில் இரண்டு கிலோ கட்டி எடுத்துப் போங்கள். செட் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். எந்தக் கடை என்று தேர்வாளர் கேட்டால், கையைக் கழுவாமல் நீட்டுங்கள்.