தண்ணீர் படாத ஃபோர் ஸ்ட்ரோக்

ஜூலை பத்தாம் தேதியிட்ட கடிதம், கோடு போட்ட தாளில், நீல மையில்: "ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணி முதல் தாங்கள் பறக்கவிடும் பொம்மை விமானத்தின் சத்தம் குடியிருப்போருக்குப் பெரும் இடையூறாக உள்ளது. மாத இறுதிக்குள் சத்தம் குறையாவிட்டால் காலி மனைகளுக்குச் செல்லும் கேட் பூட்டப்படும்." கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து. என் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி. இரண்டு தேதிகளையும் பறத்தல் நோட்டில் குறித்துக்கொண்டேன். 'பொம்மை' என்ற சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை.

விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரத்தில், ரிமோட் விமானம் பறக்கவிடும் எங்களுக்கு வானம் கிடையாது. அதனால்தான் முடிச்சூர் வீட்டிலிருந்து படப்பை தாண்டிப் போய், ஒரு குடியிருப்பை ஒட்டி, மனை பிரித்துப் போட்டு வீடு வராத ஒரு வெளியைப் பிடித்திருந்தேன். அது என் நான்காவது இடம். முந்தைய மூன்றிலும் இப்போது வீடுகள். ஐந்தாவதைத் தேடி பைக்கில் அலைய எனக்குத் தெம்பில்லை. கேட் பூட்டப்பட்டால் இதோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், வீட்டில் சொல்லவில்லை.

செயலாளர் ஒரு பள்ளி ஆசிரியை. கடிதத்தோடு அவர் வீட்டுக்கே போனேன்.

"உக்காருங்க சார். எனக்கு ப்ளேன் மேல கோபமில்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரகடத்துல நைட் ஷிஃப்ட். ஆறரைக்குத்தான் வந்து படுப்பார். நீங்க ஏழுக்கு மரம் அறுக்கிற மெஷினைத் தூக்கிட்டு வந்துடுறீங்க."

"சத்தம் கம்மியான என்ஜின் மாத்தினா?"

"அவர் எந்திரிக்காம இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல சார்."

என் மச்சினனுக்கு, மனைவியின் தம்பிக்கு, திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. அவன் கேட்டவுடன் சொன்னான்: "பேட்டரி போடுங்க மாமா. எல்லாரும் மாறியாச்சு. நீங்க இன்னும் எண்ணெய் நாத்தத்தோட சுத்துறீங்க. அக்கா தனியா உங்க சட்டையைத் துவைக்கிறா."

எனக்குப் பேட்டரி வேண்டாம். எரிபொருள் ஊசியைத் திருகித் திருகி என்ஜின் ஒரு சுருதிக்கு வரும் அந்த அரை நிமிடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் கையேடுகளைப் படித்தேன். என்னிடம் இருந்தது ஏழரை சிசி டூ ஸ்ட்ரோக். அதற்கு ஈடாகப் பதினொன்றரை சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வேண்டும். எடை சற்றுக் கூடும். சத்தம் பைக் சத்தம் போலத் தடித்து, தாழ்ந்து வரும். புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மாத இறுதிக்குள் வராது.

பழையது ஒன்று பம்மலில் இருந்தது. டூவீலர் மெக்கானிக் ஒருவரிடம்; ஒரு காலத்தில் அவரும் பறக்கவிட்டவர்.

"2015ல இது எங்க இருந்துது?" என்றேன்.

"பரண்ல சார். கீய நான்தான் நனைஞ்சேன், இது நனையல."

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த டிசம்பரில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோது, என்னுடைய இரண்டு என்ஜின்களும் பதினோரு வருட நோட்டுகளும் மூழ்கின. கழுவி, எண்ணெய் ஊற்றி, மாதக்கணக்கில் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. வெள்ளத் தண்ணீர் குடித்த என்ஜினைத் தொடுவதில்லை என்பது அன்று நான் வைத்த விதி.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. முதல் ஓட்டம், 2014, தேதியோடு. மை துளிகூடக் கலையவில்லை. அதைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். சீட்டு நனையவில்லை என்பதை என்ஜின் நனையவில்லை என்று படித்துக்கொண்டேன்.

பட்டறையில் மச்சினன் பின்மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் திருப்பினான். கரகரவென்றது. பேரிங் பழுப்பேறியிருந்தது.

"மாமா, பரண்ல மழை பெஞ்சிருக்கு போல."

"மெத்தனால் எரிபொருள் ஈரத்தை இழுக்கும்டா. ஃபோர் ஸ்ட்ரோக்ல அது வயித்துலயே தங்கிடும். ஓட்டி முடிச்சு எண்ணெய் விடாம வெச்சாலும் துரு வரும்."

"வரும். வெள்ளத்துல கெடந்தாலும் வரும்."

புது பேரிங் போட்டான். விமானத்தில் பொருத்தி, வாலைக் கட்டி, பட்டறை வாசலில் ஓட்டினோம். அதே ஓலம். பக்கத்து யூனிட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாத இறுதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. இந்த அலைச்சல் யாருக்காக என்று தோன்றியது.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டே சுற்றி வந்தான். "மூக்குல சுத்துற விசிறி எது மாமா?"

"பழசுதான். பதினொரு அங்குலம். பெரிசு போட்டா தரையில இடிக்கும்."

"நீங்க தப்பான ஆளைப் புடிச்சு மாத்தியிருக்கீங்க. கத்துறது விசிறி. சின்ன விசிறியா இருக்கறதால இது தலைதெறிக்கச் சுத்துது."

பழைய நோட்டுகளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விசிறி அளவு எழுதியவன் நான். எழுதிய பழக்கத்திலேயே அதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். பதின்மூன்று அங்குல விசிறி போட்டோம். அது தரையில் இடிக்காமல் இருக்க, அலுமினியத் தகடு வளைத்து அவனே உயரமான சக்கரக் கால்கள் செய்தான். விமானம் கொக்கு மாதிரி நின்றது. மெதுவாகச் சுற்றியது விசிறி; தொலைவில் யாரோ பைக்கை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பது போல ஒரு சத்தம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, ஏழு மணி நாலு நிமிடத்துக்கு எழும்பியது. ஒன்பது நிமிடம் பறந்தது. அந்த ஒன்பது நிமிடமும் நான் விமானத்தைவிட ஆசிரியை வீட்டு ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன். இறக்கியபின் நானும் கூட வந்திருந்த மச்சினனும் அங்கே போனோம். ஆசிரியை வாசற்படியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"எந்திரிக்கல" என்றார் மெல்ல. "ஒரு தடவை புரண்டு படுத்தார். அப்ப கரண்டும் போச்சு. ஃபேன் நின்னதாலயா, உங்களாலயான்னு தெரியல."

"ஃபேன்தான் மேடம்" என்றான் மச்சினன்.

"கேட் திறந்தே இருக்கட்டும். பக்கத்து மனையில வீடு வர்ற வரைக்கும்."

எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. அன்று மதியம் நெடுநேரம் தூங்கினேன்.

பழைய பேரிங்கை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பம்மலுக்கு மறுபடி போன் செய்தேன். "பரண்தான் சார், எத்தினி தபா கேப்பீங்க" என்றார். நோட்டில் அந்த என்ஜினின் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: 2015 வெள்ளத்தின்போது பரணில் இருந்தது. விற்றவர் சொன்னது. சரிபார்க்கப்படவில்லை.