கடலில் கேட்ட வெற்றிலைக் கதை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர் ஒன்றில் இருக்கும் சின்ன சமுதாய வானொலியில் நான் அறிவிப்பாளராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சின்ன வானொலி என்றால் உண்மையிலேயே சின்னதுதான். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை, மொட்டை மாடியில் ஒரு கோபுரம், வேலைக்கு நான்கைந்து பேர். காலையில் காற்று, கடல் நிலவரம், மீன் விலை சொல்வோம். மதியம் பாட்டும் சமையலும். ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவோம்.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. பிறந்தது ஆத்தூர் பக்கம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கல்யாணமாகித்தான் தூத்துக்குடிக்கு வந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கடலில் காலை நனைத்தாலே எனக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்டவளைக் கடல் செய்தி வாசிக்க வைத்ததற்கு ஒரே காரணம் என் வாய். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் உட்கார்ந்திருந்ததைவிட, பேசியதற்காக வெளியே நின்ற நேரம்தான் அதிகம். அதற்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வானொலியின் பொறுப்பாளர் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்போம். நல்ல மனிதர். ஆனால் மைக் முன்னால் யாரும் தும்மினால்கூட அவருக்குப் பிடிக்காது. சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? நடுவே ஏதாவது கதை நுழைந்துவிடும். அன்றைக்கு மாலையே சார் கூப்பிட்டுக் கண்டிப்பார். மறுநாள் மறுபடியும் ஒரு கதை நுழையும்.

நான் சொல்ல வந்த நாளில் சார் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். நானும், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் மட்டும் இருந்தோம். காலையில் நல்ல வெயில். உச்சி சாய்ந்த பிறகு வானம் ஒரேயடியாக இருட்டிக்கொண்டு வந்தது. வாடைக்காற்று ஜன்னல் கதவைப் பிடுங்கி எறிந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. எதிரே இருக்கும் கோயில் கோபுரமே கண்ணுக்குத் தெரியவில்லை. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போன்களிலும் டவர் இல்லை.

அண்ணன் ஜெனரேட்டரைப் போட்டு மைக்குக்கும் ஒலிபரப்புக் கருவிக்கும் உயிர் கொடுத்துவிட்டார். பாட்டுகள் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. கரண்ட் போன வேகத்தில் அதற்கு என்னமோ ஆகிவிட்டது. எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு நிலையத்தை மூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒரு பெண் மாடி ஏறி வந்தார். முப்பது வயது இருக்கும். காலில் செருப்பு இல்லை, சேலை முழுக்க நனைந்து சொட்டியது. பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் விடியக்காலையில் பைபர் வள்ளத்தில் சங்கு குளிக்கப் போயிருக்கிறார்கள். மதியத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும், வரவில்லை. போனும் போகவில்லை. தேடிப் போகலாம் என்றால் இந்தக் காற்றில் எந்தப் படகையும் தள்ள முடியாது.

"அவியகிட்ட ஒரு சின்ன போன் இருக்கு. அதுல எப்பவும் உங்க ரேடியோதான் ஓடும். நீ பேசுக்கா. நிறுத்தாம பேசு. கடலுக்குக் கேக்கும்" என்றார்.

பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். பாவம், தவிப்பில் சொல்கிறார், இந்தப் பெண்ணின் மனசுக்காகவாவது பேசுவோம் என்று மைக் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் காலடியில் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடல் எச்சரிக்கையைச் சொன்னேன். திரும்பச் சொன்னேன். அந்த நான்கு பேரின் பெயரையும் சொல்லி, உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன். அதையும் எத்தனை முறை சொல்வது? சமையல் குறிப்பு சொன்னேன். பழைய செய்தித்தாள் ஒன்று கிடந்தது, விளம்பரம் வரைக்கும் வாசித்தேன். எல்லாம் தீர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் கண்ணை மூடியபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சு ஒரு நொடி நின்றதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் எங்கே நிறுத்த?

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசத் தொடங்கினேன். அப்பாவின் கொடிக்காலைப் பற்றிச் சொன்னேன். முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை நட்டு, வளர வளர அகத்தியோடு சேர்த்துக் கட்டிவிடுவது. கொடிக்குத் தண்ணீர் நிற்கவும் கூடாது, காயவும் கூடாது. இதெல்லாம் கடலில் தத்தளிப்பவனுக்கு எதற்கு என்று நினைக்க நேரமில்லை. கொடிக்கால் முடிந்ததும் கல்யாணக் கதைக்கு வந்தேன். பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் தலை நிமிராமல் பஜ்ஜியை மட்டுமே பார்த்ததைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். மாமியார் வைக்கும் புளிக்குழம்பில் எப்போதும் உப்பு கூடிப்போகும், அதைச் சொல்லவும் முடியாது, தின்னவும் முடியாது என்று அதையும் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் பேட்டரி ரேடியோ ஒன்று உண்டு என்பதும், மாமியார் தினமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்பதும் அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை.

தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணன் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். குடிப்பதற்குக்கூட நிறுத்தாமல் மடக்கு மடக்காக விழுங்கினேன். வெளிச்சம் மங்கி, விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. குரல் கரகரவென்று எனக்கே யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம். குப்பத்துக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, "வந்துட்டாவ! நாலு பேரும் வந்துட்டாவ!" என்று கத்தினார். அது மைக்கிலும் போயிருக்கும். அந்தப் பெண் என் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினார். படியில் இறங்கி ஓடிவிட்டார். நான் மைக்கை அணைத்துவிட்டு, எதற்கு என்றே தெரியாமல் அழுதேன். வேறு யாரோ துணிந்து படகை எடுத்துப்போய் அவர்களை மீட்டு வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கவும் வாய்க்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "ஊரு ஒலகத்துக்கே உப்புக் கதையச் சொல்லிட்டியேளா" என்றார். அத்தோடு சரி, நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை. குழம்பில் உப்பும் இல்லை.

அலுவலகத்தில் சாரும் சும்மா விடவில்லை. நேயர்கள் சிலர் அவரிடம் குறை சொல்லியிருந்தார்கள். "எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொன்னது சரிதான்மா. மாமியார் குழம்பு எதற்கு? இது பொதுச் சொத்து இல்லையா?" என்று கேட்டார். கொஞ்ச நாள் மைக் வேண்டாம், நிகழ்ச்சிக்கு ஆட்களை அழைக்கும் வேலையைப் பாருங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண் உட்கார்ந்து என் நிகழ்ச்சியைச் செய்தாள். நான் இந்தப் பக்கம் ஆட்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். நமக்கு மைக் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சில மாதம் கழித்து, தூத்துக்குடியில் ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஒரு கலை அமைப்பிடமிருந்து தகவல் வந்தது. பண்பாட்டுக்கும் ஊடகத்துக்கும் தொண்டு செய்தவர்களைத் தேர்ந்தெடுத்து விருது கொடுப்பவர்கள் அவர்கள். அந்த ஆண்டு விளாத்திகுளம் பக்கத்து வில்லிசைக் கலைஞர் ஒருவருக்கும், காயல்பட்டினத்து வாசகசாலை ஒன்றுக்கும், ஊடகத்துக்காக எங்கள் வானொலிக்கும் விருது. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. முத்துக்குளிப்பின் வரலாற்றைப் பற்றி அவரே அலைந்து திரிந்து, எழுதித் தயாரித்த தொடருக்குத்தான் விருது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்தத் தொடரும் அதற்குத் தகுதியானதுதான். ஏற்புரையைக்கூட எழுதி வைத்திருந்தார்.

விழாவுக்கு மாமியாரையும் அழைத்துப்போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் முறை வந்தது. சார் மேடைக்குப் போனார். அமைப்பின் செயலாளர், "இந்த வானொலியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எங்களிடம் நேரில் வந்து கேட்டவர்களே இங்கே இருக்கிறார்கள். காரணத்தை அவர்களில் ஒருவரே சொல்லட்டும்" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து போனார். புதுச் சட்டை, கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபமாலையோடு என் காலடியில் உட்கார்ந்திருந்தவர். அப்படியென்றால் மேடையில் நிற்பது அவருடைய வீட்டுக்காரர்.

அவர் மைக்கைப் பிடித்தபடி தயங்கித்தான் தொடங்கினார். "அன்னைக்கு அலை அடிச்சதுல ஜிபிஎஸ், காம்பசு எல்லாம் வச்சிருந்த பெட்டியே கடலோட போச்சு. மழையில கர எங்கன, கடலு எங்கனன்னு தெரியல. எங்கிட்ட இருந்த சின்ன போன் மட்டும் பிளாஸ்டிக் கவர்ல கெடந்துச்சு. ஒயரக் காதுல மாட்டுனா ரேடியோவுல இந்தத் தங்கச்சி பேசுது. ஒரு பக்கம் போனா இரைச்சல் கூடுது, பேச்சு அமுங்குது. அந்தால திருப்புனா பேச்சு தெளியுது. சரி, பேச்சு தெளியுத பக்கந்தான் கரன்னு விட்டோம். நடுவுல பேச்சு நின்னுருந்தா எங்க சோலி முடிஞ்சிருக்கும்."

அவருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. ஒயர் ஒன்றுதான், கேட்பவர் ஒருவர்தான். மற்ற மூன்று பேரும் பயத்தில் உறைந்து போகாமல் இருக்க, நான் சொன்னதையெல்லாம் இவர் அவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். "கடல்ல கெடந்துக்கிட்டே நாலு பேரும் வெத்தல வெவசாயம் படிச்சோம். சாவு பக்கத்துல நிக்கி, 'ஏலே, மாமியா கொழம்புல உப்பு கூடிப்போச்சாம்லே'ன்னு நான் சொல்லுதேன், இவனுவ சிரிக்கானுவ!" என்றார்.

அரங்கமே சிரித்தது. நான் குனிந்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மாமியார் சட்டென்று எழுந்து நின்றார். போச்சு, கோபித்துக்கொண்டு வெளியே போகப்போகிறார் என்று அவர் சேலையைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "அந்த மாமியா நாந்தான்! இவதான் எம் மருமவ!" என்று கையை உயர்த்திச் சொன்னார். கைதட்டல் நிற்கவே இல்லை.

சார் மேடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதி வைத்திருந்த ஏற்புரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இந்த விருதை வாங்க வேண்டியவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வாங்கம்மா" என்று கூப்பிட்டார். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். "நாளையிலிருந்து உங்கள் நிகழ்ச்சியை நீங்களே செய்யுங்கள். கதையும் சொல்லுங்கள்" என்று சார் காதோரம் சொன்னார்.

நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை என் பக்கம் திருப்பினார்கள். அன்றைக்கு மதியமெல்லாம் ஓயாமல் பேசிய எனக்கு அந்த மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அரங்கம் காத்திருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த மனிதர் மேடை ஓரத்திலிருந்து சொன்னார்: "பேசு தங்கச்சி. ஒன் பேச்சக் கேட்டுத்தான நாங்க வீடு வந்து சேந்தோம்."

அதற்குப் பிறகு ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. மாமியாரைக் கேட்டால், நன்றாகத்தான் பேசினாய், ஆனால் என் குழம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறார்.

வாயாடி என்று சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் என்னைச் சொல்லியிருக்கிறார்கள், அதையெல்லாம் கேட்டுத் தலை குனிந்திருக்கிறேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால், ஆமாம், என் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் கரை சேர்ந்திருக்கிறார்கள் என்று தலை நிமிர்ந்தே சொல்கிறேன்.