ஜாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஜாடியின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கிறார். குனிந்து முகர்கிறார். முகம் சுளிக்கிறார். மறுபடி துணியை மூடி ரப்பர் பேண்டு போடுகிறார். போட்ட கையை எடுப்பதற்குள் சந்தேகம் வந்து திரும்பவும் அவிழ்க்கிறார். எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரருக்குக் காலைப் பொழுது இப்படித்தான் விடிகிறது. அடுத்து என் கதவைத் தட்டுவார். "சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க. நேத்து பாத்த மாதிரியே இருக்கா, இல்ல கூடியிருக்கா?"

நேற்று என்ன பார்த்தேன் என்பதே எனக்கு நினைவிருக்காது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதில் தேநீர் நிறத்தில் புளித்த திரவம், மேலே பாலாடையைப் போலத் தடித்த ஒரு வட்டம், அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தேநீரைப் புளிக்கவைத்துக் குடிக்கிற பானமாம், கொம்புச்சா என்று பெயராம்; மேலே மிதக்கும் அந்த ஆடைதான் புளிக்கவைக்கிறதாம். அந்தப் புள்ளி பூசணமா, புதிதாகப் படரும் ஆடையா என்பதுதான் வழக்கு. கொஞ்ச நாளாக நான் அதில் தினசரி சாட்சி.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி. தெருமுனையில் மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் அவர் கடை. ஒருவருடைய பிரேம் ஒரு நூலளவு சாய்ந்திருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணாடியைக் கேட்காமலேயே கழற்றி, காதுக்கம்பியை வளைத்துச் சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டார். அந்த ஆள் திட்டுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் முழித்தார். லென்ஸில் விழுந்த கீறலை எட்டி நின்றே சொல்லிவிடுகிற மனிதர் இவர். இப்போது ஒரு வெள்ளைப் புள்ளியைப் பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதை என்று தாண்டவும் முடியாமல் நிற்கிறார்.

ஜாடி அவருடைய மகளுடையது. அவள் படித்து முடித்ததும் கடைக்கு வந்துவிடுவாள் என்று இவராகவே முடிவு செய்து, அவளைக் கேட்காமல் பெயர்ப்பலகையை மாற்றி எழுதி மாட்டினார். அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். வார்த்தை தடித்தது. அதன்பின் வெகுகாலம் அவளுடைய அழைப்பை இவர் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்ற இரண்டே சொற்கள்தான் காதில் விழும். பலகை இன்னும் கடைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

அண்மையில் அவள் விடுதிக்கு மாறியபோது ஜாடியை வைக்க அங்கே இடமில்லை. ஒரு மதியம், இவர் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து, சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். தனி வீடு கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாளாம். அக்கா, அதாவது கண்ணாடிக்காரரின் மனைவி, ஒரே நாளில் கையை விரித்துவிட்டார். "எனக்கு இந்த வாடையே ஆகாது. எதுவா இருந்தாலும் உங்க அப்பாகிட்ட சொல்லிக்கோ" என்று போனில் மகளிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அந்த வாடை அக்காவுக்கு நிஜமாகவே ஆகாதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊறுகாய் ஜாடிக்குள் தலையையே விட்டு முகர்கிறவர் அவர்.

பொறுப்பு கைக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். ஆடையை எடுத்துக் குழாயடியில் பிடித்து, இரு பக்கமும் விரலால் தேய்த்து, பளிச்சென்று கழுவினார். பழைய புளித்த நீர் கலங்கலாக இருந்ததால் கொட்டிவிட்டார். புதிதாகத் தேநீர் போட்டு, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, கழுவிய ஆடையை அதில் மிதக்கவிட்டார். லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார். கடை லென்ஸ்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

இதைக் கேட்ட மகள் போனிலேயே குதித்துவிட்டாள். "அப்பா, அந்தப் புளிச்ச தண்ணிதான் காவலே. அது இருந்தாத்தான் பூசணம் அண்டாது. அதைப் போய் யாராவது கொட்டுவாங்களா?" நெடுநேரம் திட்டினாள். இவர் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். போனை வைத்த பிறகு என்னிடம் வந்து, "எவ்வளவு நேரம் திட்டினா பாத்தீங்களா சார்?" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் போல. அடுத்த வாரம் புள்ளி வந்தது.

அது முதல் ஒரே குழப்பம். பூசணம் என்றால் உலர்ந்து, பஞ்சுபோல, மேலாகப் பூத்திருக்கும். ஆடை என்றால் ஈரமாக வழவழப்பாக இருக்கும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். இவர் ஈரமா என்று பார்க்க ஜாடியைச் சாய்த்தார். திரவம் புரண்டு புள்ளியை நனைத்துவிட்டது. ஈரம் அதனுடையதா, நனைந்ததாலா? கண் பார்க்கும் டார்ச்சை அடித்தார். வெள்ளை. குழல்விளக்கைப் போட்டார். லேசாகப் பச்சை. கடையிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. அதில் பார்த்ததும் நான் பூசணம் என்றேன். கண்ணாடியை எடுத்ததும் இல்லை என்றேன். கீழே நூல்நூலாகப் பழுப்பாகத் தொங்குவதைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். அது புளிக்கவைக்கும் ஈஸ்ட், கெடுதல் இல்லை என்று மகள் ஏற்கெனவே சொல்லியாயிற்று. கேட்டது அவர்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயப்படுகிறார். அக்கா மட்டும் வந்து பார்ப்பதே இல்லை. "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தாலும் உங்க அண்ணனுக்கு அது தெரியாது தம்பி" என்று உள்ளேயிருந்து சொல்வார்.

மகளுடைய தீர்ப்பு நேரானது. "பூசணம்னா யோசிக்காதீங்க, மொத்தத்தையும் கொட்டிடுங்க. குடிச்சா வயித்துக்கு ஆகாது. ஆடையையும் வெச்சுக்காதீங்க." கொட்டிவிட்டால் அவள் வந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதை அவர் என்னிடம் சொல்லவே சொன்னார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "ஜாடி இருக்கறதாலதான் சார் வருவா. இது போச்சுன்னா எதுக்கு வருவா?" ஆடைதான் என்று முடிவாகிவிட்டாலும் அவருக்கு நிம்மதி இருக்கும் என்று தோன்றவில்லை. கேட்க ஒன்றும் மிஞ்சாதே. இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். ஜாடியில் தொடங்கி, சாப்பிட்டீங்களா என்பது வரை வந்திருக்கிறது.

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனமில்லையா? நானும் பலவிதமாகப் பார்த்துவிட்டேன். ஜாடியைப் பார்த்தால் அவர் சொல்வது சரி, நிச்சயமாக எதையும் சொல்ல முடியாது. அவரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தத் திரவத்தை ஒரு சொட்டுகூட யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்கிறார். அதில் மட்டும் குழப்பமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பொறுமை போய்விட்டது. வார்த்தையில் சொன்னது போதும், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறேன் என்றாள். கண்ணாடிக்காரர் ஜாடியை ஜன்னலோரம் நகர்த்தினார். துணியை எடுத்தார். வெயில் நேராகப் புள்ளியின் மேல் விழுந்தது. அவ்வளவு தெளிவாக நான் அதைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பி, அதன் கேமரா வட்டத்தை வாயருகே கொண்டுபோய், ஹா என்று ஒரு மூச்சு விட்டார். சட்டை நுனியால் துடைப்பார் என்று காத்திருந்தேன். அவர் துடைக்காமல், அந்த ஆவி கலைவதற்குள் அவசரமாகப் படத்தை எடுத்து அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.